நடுக்காவல்

ரஜப் பிறை 3, வியாழன்

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் மருமகள் ஸுமையாவின் வீட்டுக்குச் சென்றேன். என் மகன் சதக்கத்துல்லாஹ் குடியிருப்பது அங்கேதான். எங்கள் பட்டினத்தில் மணமான ஆண்மகன் மனைவியின் வீட்டுக்குக் குடிபெயர்வான். நானும் மறைந்த என் மனைவியின் வீட்டில், மகளின் குடும்பத்தோடு இருந்து வருகிறேன். ஆகவே பெற்ற மகனைக் காண்பதற்கும் நான் விருந்தாளியாகவே படியேற வேண்டியிருக்கிறது.

நாளை மறுநாள் அவன் தேசிய அணியின் முகாமுக்குப் புறப்படுகிறான். ஆசியத் தகுதிச் சுற்றில் மூன்று கால்பந்து ஆட்டங்கள் மீதமிருக்கின்றன. முப்பத்து மூன்று வயதாகிவிட்டது. இதுவே அவனுடைய கடைசிப் பயணமாக இருக்கக்கூடும்.

ஆட்டக்களத்தில் அணி நிற்கும் வகுப்பைத் தட்டின் மேல் பேரீச்சங்கொட்டைகளை அடுக்கி எனக்குக் காட்டினான். பின்னே ஐவர், அவர்களுக்கு முன்னே நால்வர், வெகுதூரத்தில் ஒருவன் மட்டும் தனியாக. எதிரி வரட்டும், வந்து நெருக்கட்டும் என்று கோலின் முன் குறுகி நிற்பது. அவன் முழுப்படையோடு முன்னேறியபின், பறித்த பந்தை அவன் முதுகுக்குப் பின்னால் கிடக்கும் வெற்றிடத்துக்கு அனுப்பி ஓடுவது. ஐவரில் நடுவில் நிற்பவன் என் மகன். வானத்தில் வரும் பந்துகள் எல்லாம் அவனுடைய தலைக்குரியவை.

நாற்பதாண்டு தமிழாசிரியனாக இருந்தவனுக்கு இதில் புதுமை ஏதுமில்லை. மதிலை முற்றுகையிடுவோன் உழிஞை சூடுவான். உள்ளிருந்து காப்போன் நொச்சி சூடுவான். என் மகன் நொச்சி சூடியவன்.

அந்தி நேர மஃரிபுக்கு வீட்டிலேயே அவன் முன்னின்று தொழுகை நடத்தினான். ஆறு வயதில் மனனம் செய்த சிறிய அத்தியாயத்தில் நான்காவது வசனத்துக்கு மேல் நகராமல் நின்றுவிட்டான். பின்னாலிருந்து நான் எடுத்துக் கொடுத்தேன். தொழுகை முடிந்ததும் சிரித்துக்கொண்டே, "மண்டைக்குள்ள காத்து புகுந்துட்டு வாப்பா" என்றான். இறைவன் முன் நிற்கையில் கவனம் சிதறலாகாது என்று கடிந்துகொண்டேன். சென்ற மாதம் கழக ஆட்டத்தில் முழங்கை இடித்த நெற்றிக் காயம் ஆறிவிட்டது.

ரஜப் பிறை 5, சனி

புறப்பட்டுவிட்டான். ஒரே பையை எடுக்க வாசலிலிருந்து இருமுறை திரும்பி வந்தான். இரண்டாம் முறை அந்தப் பை அவன் தோளில்தான் இருந்தது. பயணப் பதற்றம்.

ரஜப் பிறை 11, வெள்ளி

முதலாவது ஆட்டம். சமநிலை, இரு தரப்பிலும் கோல் இல்லை.

விளையாட்டுக் கழகக் கூடத்தில் பெரிய திரையில் பார்த்தோம். என் பக்கத்தில் நூஹு உட்கார்ந்திருந்தார். என் வயதுக்காரர், இளமையில் எங்கள் ஊரின் முன்கள ஆட்டக்காரர். தற்காப்பு என்ற சொல்லே அவருக்குக் கசக்கும்.

"என்ன ஹாஜியார், உங்க மவன் டீமு பந்து விளையாட வந்திருக்கா, ஜமாஅத்துத் தொழுகைக்கு வந்திருக்கா? தோளோட தோள் ஒட்டி வரிசையா நிக்கானுவோ!"

"வரிசையில் இடைவெளி விடலாகாது என்பது நல்ல பழக்கந்தானே."

"அதுக்குன்னு எதிராளியையா இமாமா நிறுத்துறது? அவன் குனியச் சொன்னா குனியிறானுவோ, நிமிரச் சொன்னா நிமிர்றானுவோ."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் என் கை சட்டைப் பைக்குள் தஸ்பீஹ் மாலையின் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தது. சதக் தலையால் பந்தை வெளியேற்றும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு மணி. இருபத்து மூன்று. ஊர் கோல்களை எண்ணுகிறது. கோலாகாமல் போனவற்றை எண்ண ஒருவனாவது வேண்டாமா?

ரஜப் பிறை 17, வியாழன்

அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். இரண்டாவது ஆட்டத்தில் வெற்றி, ஒன்றுக்குச் சுழியம்.

எழுபதாம் நிமிடம். எதிரணியின் பதின்மரும் நம் எல்லைக்குள் புகுந்திருந்தனர். வலப்புறமிருந்து உயர்ந்து வந்த பந்தைச் சதக் எம்பித் தலையால் தள்ளினான். அது நம் நடுவரிசைக்காரனின் காலடியில் விழுந்தது. ஒரே உதை. எங்கள் தனி ஒருவன் வெட்டவெளியில் ஓடினான். மதிற்கதவைத் திறந்துகொண்டு உள்ளிருந்தோர் பாய்ந்த காட்சியை ஏட்டில் எத்தனையோ முறை மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறேன்; கண்ணால் கண்டது இன்றுதான். நூஹு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஐம்பத்திரண்டாம் நிமிடத்தில் எதிரணிக்காரனின் தலையும் சதக்கின் தலையும் மோதின. சிறிது நேரம் கிடந்தான். எழுந்து கைகாட்டினான், ஆட்டம் தொடர்ந்தது.

முப்பத்து நான்கு. என் தஸ்பீஹில் முப்பத்து மூன்று மணிகளே உள்ளன. ஒரு சுற்று முடிந்து மறு சுற்றில் ஒன்று.

ரஜப் பிறை 20, ஞாயிறு

சதக் வீடு வந்து இரண்டு நாள் ஆகிறது. கடைசி ஆட்டம் வளைகுடா நாடொன்றில், ஷஅபான் முதல் பிறையன்று. சமநிலை கிட்டினாலே தகுதி பெற்றுவிடுவோம்.

இன்று நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பின் ஸுமையா தனியாக வந்தாள். என்னெதிரில் அமராத பெண் இன்று அமர்ந்தாள்.

"மாமா, அவுக ஜன்னலைச் சாத்திட்டு இருட்டுக்குள்ளயே இருக்காக. வெளிச்சம் பட்டா தலை வெடிக்கிதாம். நேத்து அஸர் தொழுதுட்டு வந்து பத்து நிமிசத்துல மறுபடி அஸருக்குப் பள்ளிக்குப் போனாக. கேட்டா, 'இப்பத்தானே பாங்கு சொன்னாக' ங்கிறாக."

"களைப்பாக இருக்கும் அம்மா."

"களைப்பு இல்ல மாமா. எனக்குப் பயமா இருக்கு. நான் சொன்னா கேக்க மாட்டாக. நீங்க ஒரு வார்த்தை 'போவாதே'ன்னு சொன்னா நின்னுருவாக. உங்க பேச்சைத் தாண்ட மாட்டாக."

முற்றுகையின் இறுதி நாளில் மதில் மேல் நிற்பவனை இறங்கி வா என்று அழைப்பதற்கு இலக்கணம் எங்கும் இல்லை என்றேன். அவளுக்கு அது விளங்கவில்லை. பின்னர், வெள்ளிக்கிழமை முகாமில் அணி மருத்துவர் அவனைச் சோதிக்கவிருக்கிறார், நினைவாற்றலுக்குத் தனித்தேர்வு உண்டு, அதில் தேறாவிட்டால் அவர்களே நிறுத்திவிடுவார்கள் என்று எடுத்துச் சொன்னேன்.

"அப்ப டாக்டர் சொல்றதுதான் முடிவு. நீங்க நடுவுல அவுகளுக்குத் தைரியம் சொல்லி அனுப்ப மாட்டியளே?"

"மாட்டேன்."

"வாக்கா மாமா?"

"வாக்குத்தான்."

ரஜப் பிறை 21, திங்கள்

காலையில் சதக் வந்தான். கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தான். தொலைபேசியை என் கையில் தந்தான். அதில் மூன்று படங்கள். ஒவ்வொன்றிலும் பத்து ஆங்கிலச் சொற்கள். மருத்துவர் இந்த மூன்று பட்டியல்களில் ஒன்றைப் படித்துக் காட்டுவாராம்; உடனே ஒருமுறையும், சற்று நேரம் கழித்து மறுமுறையும் திருப்பிச் சொல்ல வேண்டுமாம். உடன் ஆடும் ஒருவன் மருத்துவரின் கோப்பிலிருந்து படமெடுத்து அனுப்பியிருக்கிறான்.

"படிச்சுப் பாத்தேன் வாப்பா. நாலுக்கு மேல நிக்க மாட்டேங்குது. நீங்க எத்தனை பேருக்கு மனப்பாடம் ஏத்திவுட்டிருக்கிய, எனக்கு ஒரு வழி சொல்லுங்க."

இதை எழுதும்போதும் என் மனத்தில் குற்றம் ஏதும் தோன்றவில்லை. மகன் ஒரு தேர்வுக்குப் படிக்க உதவி கேட்கிறான், தந்தை ஆசிரியன். தைரியம் சொல்லி அனுப்பமாட்டேன் என்றுதான் வாக்களித்தேன். தைரியம் ஏதும் நான் சொல்லவில்லை.

சொற்களைத் தமிழாக்கி ஓசையில் கோத்தேன். வரிசை முக்கியமில்லை, பத்தும் வந்தால் போதும் என்பதால் எதுகை பார்த்து மாற்றியடுக்க முடிந்தது. முதற்பட்டியல் இப்படி வந்தது:

ஏணியில் ஏறி ஆணி அடித்துத்
தோணியில் இறங்கி மலையடி சேர்ந்தேன்;
இலையினில் உப்பு, கல்லினில் விளக்கு,
நூலினில் கட்டிய பறவையும் கண்டேன்.

அகவலோசை பிசகவில்லை. மற்ற இரண்டையும் மாலைக்குள் முடித்தேன். ஓய்வு பெற்றபின் இவ்வளவு மகிழ்ச்சியாக நான் ஒரு நாளைக் கழித்ததில்லை.

ரஜப் பிறை 23, புதன்

முப்பது சொற்களும் பிழையின்றி வருகின்றன. செய்யுளை மனத்துக்குள் ஓடவிட்டு, ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லப் பழக்கினேன். இடையே என்னிடம் மூன்று முறை தண்ணீர் கேட்டான். மூன்று முறையும் குவளை அவன் முன்னால் நிறைந்திருந்தது.

திரும்பும் வழியில் தெருமுனையில் வாந்தி எடுத்தானாம். வெயில் கடுமை.

ரஜப் பிறை 25, வெள்ளி

தேறிவிட்டான். பத்துக்குப் பத்து. "டாக்டர் கைகொடுத்தாரு வாப்பா" என்று முகாமிலிருந்து பேசினான்.

ஸுமையாவுக்குச் செய்தி சொல்ல நான் போகவில்லை. அவளே அறிந்திருப்பாள்.

ஷஅபான் பிறை 1, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நம் நேரப்படி மாலை ஏழரைக்குத் தொடங்கியது. முதல் அரைமணி நேரத்தில் சதக் பதினாறு பந்துகளைத் தலையால் வெளியேற்றினான். எதிரணியினர் வேறு வழி தேடவேயில்லை. இருபுறமிருந்தும் பந்தை உயரத் தூக்கி நடுவில் போட்டுக்கொண்டே இருந்தனர். கோட்டை வலிதென்றால் ஒரே இடத்தில் இடிப்பான் எதிரி. எந்த இடமென்று இன்றுதான் நான் உற்றுப் பார்த்தேன். அது என் மகனின் நெற்றி.

குறுகி நிற்கும் வகுப்பு எதிராளிக்கு விடும் ஒரே வழி வானம். இதை அறிந்துதான் பயிற்சியாளர் நடுவில் அவனை நிறுத்தியிருக்கிறார். பேரீச்சங்கொட்டைகளை அடுக்கிக் காட்டிய அன்றே எனக்கும் இது தெரியும். நான்கு வாரமாக நான் புகழ்ந்துகொண்டிருந்தது இதைத்தான்.

எழுபத்தோராம் நிமிடத்தில் ஒரு மூலை உதை. எம்பியவர்களுக்கிடையே யாருடைய தோளோ அவன் காதருகே இடித்தது. விழவில்லை. ஆட்டம் மீண்டும் தொடங்கியபோது ஒன்பது பேரும் எதிரியை நோக்கி நிற்க, அவன் மட்டும் நம் கோலைப் பார்த்து நின்றான்.

நூஹு மெல்லக் கேட்டார்: "ஹாஜியார், உங்க மவன் எங்க பாத்துட்டு நிக்கான்?"

நம் கோல்காவலர் ஓடிவந்து தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். சதக் தலையசைத்தான். நான் மணிகளை எண்ணுவதை நிறுத்தினேன்.

எண்பத்தெட்டாம் நிமிடம். மீண்டும் ஓர் உயர்ந்த பந்து. எம்பினான், தள்ளினான், அது நேராக நம் ஓட்டக்காரனிடம் சென்றது. திரை அவனோடு ஓடியது. கூடத்தில் எல்லோரும் எழுந்து கத்தினார்கள். கோல். மறுபடி காட்டியபோதுதான் கண்டேன்: பந்தைத் தள்ளிய இடத்திலேயே சதக் மெதுவாக, தொழுகையில் அமர்வதுபோல் முழந்தாளிட்டு அமர்கிறான். பிறகு பக்கவாட்டில் சாய்கிறான். எல்லோரும் மறுமுனையில் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள்.

ஷஅபான் பிறை 2, வெள்ளி

மண்டையோட்டைத் திறந்து குருதிக்கட்டியை எடுத்துவிட்டார்களாம். உயிர் இருக்கிறது. ஸுமையாவும் அவள் தம்பியும் இன்று விமானம் ஏறுகிறார்கள். நான் வரவா என்று கேட்டனுப்பினேன். பதில் வரவில்லை.

ஊரில் வெடி வெடிக்கிறார்கள். முதன்முறையாகத் தகுதி பெற்றிருக்கிறோம்.

ஷஅபான் பிறை 9, வெள்ளி

ஜும்ஆ தொழுகையில் அவனுக்காகத் துஆ கேட்டார்கள். என்னை உரையாற்றச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன்.

ஷஅபான் பிறை 10, சனி

பழம்புலவர்கள் மதிலைக் காப்பவனைப் பாடினார்கள். மதிலைப் பாடினார்கள். அவனை அங்கே நிறுத்தியவனை என்ன செய்வது என்பதற்குத் துறை வகுத்தாரில்லை.

ஷஅபான் பிறை 26, திங்கள்

அழைத்து வந்துவிட்டார்கள். நடக்கிறான், பேசுகிறான், என்னைக் கண்டதும் "வாப்பா" என்று எழுந்தான். பழைய செய்திகள் அனைத்தும் சரியாகச் சொல்கிறான். ரஜப் மாதத்திலிருந்து ஒன்றும் இல்லை. புதியவையும் தங்குவதில்லை, காலையில் கேட்டது மாலையில் இல்லை. மீண்டுவரலாம், வராமலும் போகலாம் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

"ஆட்டம் என்னாச்சு வாப்பா?" என்றான்.

"வென்றோம்."

முகம் மலர்ந்தது. "யாரு கோலு?"

சொன்னேன். ஸுமையா எழுந்து உள்ளே போனாள்.

ரமலான் பிறை 4, திங்கள்

மனிதனுக்கு இழைத்த தீங்கை, அந்த மனிதன் பொறுத்துக்கொண்டாலன்றி இறைவன் பொறுப்பதில்லை. இதை மேடையில் நாற்பது ஆண்டு பிறருக்குச் சொன்னவன் நான். நோன்பு மாதம். எனக்கு எழுபத்தொரு வயது. தள்ளிப்போட இனி நாளில்லை.

சதக்கின் எதிரில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸுமையா மன்றாடியது, நான் மறுத்தது, பட்டியல், செய்யுள். கேட்கக் கேட்க அவன் கை தன் தலையின் தையல் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தது.

"நான்தானே வந்து கேட்டேன்?"

"நீ கேட்டாய். கொடுத்தவன் நான்."

வெகுநேரம் அழுதான். பிறகு என் கையைப் பிடித்து, "பொறுத்துக்கிட்டேன் வாப்பா, அழாதீங்க" என்றான்.

ரமலான் பிறை 5, செவ்வாய்

அவனுக்கு நினைவில்லை. வாசலில் என்னைக் கண்டு, "வாங்க வாப்பா, எத்தனை நாளாச்சு" என்றான்.

தந்த மன்னிப்பைத் தந்தவனே அறியாவிட்டால் அது நிற்குமா? நூல்களைப் புரட்டினேன். நிற்கும் என்றே தோன்றுகிறது. ஆனால் நெஞ்சு ஏற்கவில்லை. மறுபடியும் அனைத்தையும் சொன்னேன். மறுபடியும் அழுதான். மறுபடியும் பொறுத்துக்கொண்டான்.

ரமலான் பிறை 6, புதன்

மீண்டும் சொன்னேன்.

ரமலான் பிறை 7, வியாழன்

இன்றும் அவ்விதமே. அவன் அழுது களைத்து உறங்கியபின் படியிறங்கினேன். ஸுமையா வாசற்கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"நில்லுங்க மாமா. நாலு நாளா கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு கேக்கேன். தினமும் நீங்க புதுசா சொல்றிய; அவுக தினமும் புதுசா உடையிறாக. நீங்க போன பிறகு எதுக்கு அழுதோம்னே தெரியாம பொழுதுக்கும் உக்காந்திருக்காக. கண்ணு வீங்கியிருக்கே, யாரும் மவுத்தாயிட்டாகளான்னு என்கிட்ட கேக்காக. நான் என்னத்தைச் சொல்ல?"

"நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், அம்மா. வேறு வழி எனக்கில்லை."

"உங்களுக்குத் தேவைன்னு அவுகளை அழ வைக்கிறிய. அன்னைக்கும் அப்படித்தான்."

செருப்பில் காலை நுழைத்தேன்.

"இனி இதைப் பேசுறதா இருந்தா இந்தப் படி ஏறாதிய. பேசாம வந்து இருக்கிறதா இருந்தா தினமும் வாங்க. உங்களைப் பாத்தா அவுக முகம் தெளியுது. அதை நான் தடுக்க மாட்டேன்."

"அப்படியானால் நீயாவது பொறுத்துக்கொள்வாயா? உனக்குத் தந்த வாக்கையும் நான் உடைத்தேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கே மாமா" என்றாள்.

ரமலான் பிறை 8, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பின் சென்றேன். பேசாமல் அமர்ந்தேன். நூஹுவைப் பற்றி மகன் விசாரித்தான். ஊர்ச் செய்திகள் கேட்டான். ஆட்டம் என்னவாயிற்று என்று கேட்டான், வென்றோம் என்றேன், மகிழ்ந்தான். சொல்லவேண்டியது தொண்டை வரை வந்தது, உள்ளறையில் ஸுமையாவின் நிழல் அசைந்தது, விழுங்கிக்கொண்டேன்.

எழுந்தபோது என் தாடையைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தான்.

"ஏன் வாப்பா மொகம் இப்படி இருக்கு? என்ன நடந்துச்சு?"

"ஒன்றும் நடக்கவில்லை. நோன்புக் களைப்பு" என்றேன்.

நோன்பு நோற்ற வாயால் பொய் சொன்னேன். நாளையும் சொல்வேன்.